வெயிலும் வயிறும்

வைட்டமின் டி என்றதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று வெயில், இன்னொன்று எலும்பு. வெயிலில் நின்றால் கிடைக்கும், கிடைத்தால் எலும்பு பலமாகும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகமும் ஏறக்குறைய இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் வெயிலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. அதுதான் குடல்.

வெயிலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதையாக இருக்கிறதே என்று தோன்றலாம். இந்த முடிச்சு நிஜமானது. அதுவும் இரண்டு பக்கமும் இழுக்கிற முடிச்சு. குடல் ஒழுங்காக இருந்தால்தான் சாப்பிடுகிற வைட்டமின் டி உடம்பில் சேரும். வைட்டமின் டி இருந்தால்தான் குடல் தன்னுடைய முக்கியமான வேலை ஒன்றைச் சரியாகச் செய்யும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிடுவதால், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் இடுப்புவலி போகாதவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லாமல் சாப்பிட்டு வாந்தியும் மலச்சிக்கலும் வந்து படுத்தவர்களும் இருக்கிறார்கள்.

நாய்க்குட்டிகளும் ஓட்ஸ் கஞ்சியும்

கதை லண்டனில் தொடங்குகிறது. முதல் உலகப்போர் நடந்த வருஷங்களில் எட்வர்ட் மெலன்பி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். குழந்தைகளின் கால் எலும்பு வில் மாதிரி வளைந்துபோகிற நோய் அது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் ரொம்ப சகஜம். மெலன்பி நாய்க்குட்டிகளைக் கட்டிடத்துக்குள்ளேயே வளர்த்து, வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார். தானியத்தையே பிரதானமாகச் சாப்பிட்ட குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்ததும் வராமல் நின்றது. 1919-ல் இதை வெளியிட்டார்.

அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் 1922-ல் இன்னொரு படி போனார். மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார். அப்புறமும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. ஆக, உள்ளே வேறொன்று இருக்கிறது. ஏ, பி, சி ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, அதனால் இதற்கு டி என்று பெயர். இதே காலத்தில்தான் புறஊதாக் கதிர் பட்டாலும் ரிக்கெட்ஸ் குணமாகிறது என்று பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி காட்டினார், அதுவும் 1919-ல். வெயிலும் மீன் எண்ணெயும் ஒரே சரக்கைத்தான் கொடுக்கின்றன என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

இதில் வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. தானியங்களிலேயே ரிக்கெட்ஸை அதிகம் வரவழைத்தது ஓட்ஸ்தான் என்று மெலன்பி கண்டார். ஓட்ஸில் கால்சியம் இல்லாமல் இல்லை. மைதாவைவிட அதிகமாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன்? விடை கிடைக்க இருபது வருஷம் ஆனது. தானியத்தின் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது குடலுக்குள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல், அப்படியே மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. 1939-ல் மெலன்பியும் ஹாரிசனும் சேர்ந்து இதை நிரூபித்தார்கள். ஆக, எலும்பு நோய் என்று எல்லோரும் நினைத்த ஒன்றின் பாதிக் கதை குடலில் நடந்துகொண்டிருந்தது.

குடல் வாசலில் என்ன நடக்கிறது?

1937-ல் நார்வேக்காரர் ராக்னர் நிகோலைசன் எலிகளை வைத்து ஒரு கணக்கெடுத்தார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்க்கிற மாதிரி, சாப்பாட்டில் போன கால்சியம் எவ்வளவு, மலத்தில் வந்தது எவ்வளவு என்று. வைட்டமின் டி இல்லாத எலிகளின் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சவில்லை. அதாவது இந்த வைட்டமின் எலும்பில் போய்ப் பூச்சுவேலை செய்யவில்லை. சிறுகுடலின் வாசலைத் திறந்துவிடுகிறது. சரக்கு உள்ளே வந்தால் எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்.

பின்னால் வந்தவர்கள் அந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விளக்கினார்கள். தோலில் உண்டாவதும் சாப்பாட்டில் வருவதும் அப்படியே வேலைக்கு ஆகாது. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் ஒரு மாற்றம். அதற்கப்புறம்தான் அது வேலை செய்யக்கூடிய வடிவத்துக்கு வருகிறது. இந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில் நடக்கிறது என்று கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் 1970-ல் கண்டுபிடித்தார்கள். அப்படித் தயாரான வைட்டமின் டி சிறுகுடலின் செல்லுக்குள் போய், கால்சியத்தை உள்ளே விடுகிற வழியையும், உள்ளே வந்ததைச் சுமந்து மறுபக்கம் சேர்க்கிற புரதத்தையும் உருவாக்கச் சொல்கிறது. கூலியாள் வைத்து மூட்டை இறக்குவது மாதிரிதான்.

இந்த உத்தரவு இல்லாவிட்டால் சாப்பாட்டில் உள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உள்ளே போகும். இருந்தால் 30 முதல் 40 சதவீதம் வரை போகும். ஒரே தம்ளர் பால், ஒரே விலை. ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

கிளாஸ்கோவில் சப்பாத்தி

இந்தப் பாடத்தை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். பாகிஸ்தானிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்களில், வளர்ந்த பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸும் பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோயும் வருவதை மேத்யூ டனிகன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1962-ல் எழுதினார்கள். பிரிட்டனில் ஒழிந்துவிட்டதாக நினைத்த நோய் அது. கிளாஸ்கோவில் குளிர்கால வெயில் பெயருக்குத்தான் வெயில். வைட்டமின் டி உண்டாக்கத் தேவையான கதிர் அதில் கிட்டத்தட்ட இல்லை. கறுத்த தோலுக்கு அதே அளவு உண்டாக இன்னும் அதிக நேரம் வேண்டும். இதுவரை புரிகிறது.

ஆனால் அதே வெயிலில் இருந்த மற்றவர்களுக்கு இவ்வளவு வரவில்லையே? 1972-ல் அதே குழு, நோயுற்ற சிலருக்குச் சப்பாத்தியை நிறுத்திப் பார்த்தது. ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. புளிக்க வைக்காத முழுக் கோதுமை மாவில் ஃபைட்டிக் அமிலம் அப்படியே இருக்கும். மெலன்பியின் ஓட்ஸ் இங்கே சப்பாத்தியாக வந்து நின்றது.

இதன் உள்விவகாரம் 1987-ல் தெரிந்தது. உடம்புக்குக் கால்சியம் வரவு குறைந்தால், பாராதைராய்டு ஹார்மோன் கூடும். அது வைட்டமின் டி-யின் வேலை செய்யும் வடிவத்தை அதிகமாக உண்டாக்கச் சொல்லும். அந்த வடிவம் கூடினால், கல்லீரலில் இருப்பிலுள்ள வைட்டமின் டி வேகமாக அழியும். கிளமென்ட்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் எலிகளில் இதைக் காட்டினார்கள். வருமானம் குறைந்தவர் சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டு, சேமிப்பும் கரைந்து நிற்பது மாதிரி. எனவே குடலில் கால்சியம் நஷ்டமானால், வெயிலில் சம்பாதித்த வைட்டமின் டி-யும் சேர்ந்து கரைகிறது.

கிளாஸ்கோ சும்மா இருக்கவில்லை. 1979-ல் ஆசியக் குழந்தைகளுக்கு இலவசமாக வைட்டமின் டி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்ட பிள்ளைகளிடம் ரிக்கெட்ஸ் குறைந்தது. யாருடைய சாப்பாட்டையும் கேலி செய்யவில்லை, யாரையும் சப்பாத்தியை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. குறைந்ததைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வெயில் கொளுத்துகிற ஊரில் எப்படி?

கிளாஸ்கோவில் வெயில் இல்லை, சரி. திருப்பதியில்? அங்கே மருத்துவர் ஹரிநாராயணனின் குழு நகரத்து மக்களையும் சுற்றியுள்ள கிராமத்து மக்களையும் பரிசோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டது. வெயிலில் வேலை செய்கிற கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட வைட்டமின் டி கொஞ்சம் அதிகம். ஆனாலும் அவர்களிலும் கணிசமானவர்களுக்குப் பற்றாக்குறை. காரணங்களில் ஒன்று சாப்பாட்டில் இருந்தது. கிராமத்தாரின் உணவில் கால்சியம் நகரத்தாரைவிடக் குறைவு, ஃபைட்டேட் அதிகம். நாள் முழுக்க வயலில் நின்று சம்பாதித்தது, தட்டில் இருந்த குறையால் கரைந்துகொண்டிருந்தது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் வாங்க வசதியில்லாத வீட்டில் இது எளிதில்லை. கேழ்வரகு இருக்கிறது, அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் ஃபைட்டேட்டும் உண்டு. இங்கேதான் பாட்டிமார்களின் கைப்பக்குவம் உதவிக்கு வருகிறது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றுமே ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழிலும், முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவிலும் குடலுக்குக் கிடைக்கிற கால்சியம் கூடும். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிப்பதிலும் இந்த நன்மை இருக்கிறது. அவர்களுக்கு ஃபைட்டிக் அமிலம் என்ற பெயர் தெரியாது. எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரியும்.

காலை இளவெயிலில் நின்றால் போதும் என்று ஒரு பழக்கம் உண்டு. இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் தேவையான புறஊதா பி கதிர் அதில் ரொம்பக் குறைவு. நிழல் ஆளைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயிலில்தான் அது நன்றாகக் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காய்ந்தாலும் பிரயோஜனமில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

குடலே கெட்டுப்போனால்?

இப்போது முடிச்சின் மறுபக்கம். வைட்டமின் டி கொழுப்பில் கரைகிற பொருள். மீன், முட்டை மஞ்சள்கரு, மாத்திரை, எதில் வந்தாலும் கொழுப்போடு கொழுப்பாகத்தான் குடலுக்குள் போகும். அதற்குப் பித்தநீர் வேண்டும், கணையத்தின் நொதி வேண்டும், சிறுகுடலின் உட்சுவர் நன்றாக இருக்க வேண்டும். இதில் எது பழுதானாலும் சரக்கு வாசலோடு திரும்பிவிடும்.

ஒரு ஜவுளிக்கடைக் கணக்கரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வயது நாற்பத்தைந்து. இடுப்பிலும் தொடையிலும் வலி, மாடிப்படி ஏறினால் கால் கெஞ்சுகிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. வாரம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள். இரண்டு மாதம் குடிக்கிறார். திரும்பப் பார்த்தால் அளவு அசையவே இல்லை. 'சரியாகச் சாப்பிட்டீர்களா?' என்று கேட்டால் பாவம், அவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. யாரும் கேட்காத கேள்வி வேறொன்று: மலம் எப்படிப் போகிறது? இரண்டு வருஷமாக எண்ணெய் மிதக்கிற மாதிரி, நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு. எடையும் குறைந்திருக்கிறது. வெட்கத்தில் அவர் சொல்லவில்லை. அது கணையத்தின் நாள்பட்ட அழற்சியாக இருக்கலாம். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், மதுப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் கணையத்தில் கல் உண்டாகிற ஒரு வகை அழற்சி பல காலமாக அறியப்பட்டதுதான். அதற்குச் சிகிச்சை செய்யாமல் பாக்கெட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

இதே மாதிரி வேறு சில நோய்களும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலின் சுவர் தேய்ந்துபோகிற சீலியாக் நோய் அதில் ஒன்று. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவில் மூன்று இடங்களில் இதைத் தேடியது. வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே வேலூர்ப் பக்கம் 0.10 சதவீதம். அரிசி சாப்பிடுகிற ஊரில் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் இல்லை. கிரோன்ஸ் நோய், குடல் காசநோய், பித்தக்குழாய் அடைப்பு, உடல் எடையைக் குறைக்கச் செய்கிற இரைப்பை அறுவை சிகிச்சை எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். இவர்களுக்கு வேறு வடிவ மருந்தோ, அதிக அளவோ, ஊசியோ தேவைப்படலாம். அதை முடிவு செய்ய முதலில் நோய் தெரிய வேண்டும்.

அப்படியென்றால் வயிற்று நோய்க்கெல்லாம் இதுவே மருந்தா?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆமாம் சொன்னவர்கள் பலர். 1980-ல் செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற அண்ணன் தம்பிகள் அமெரிக்க வரைபடத்தைப் பார்த்தார்கள். வெயில் குறைந்த மாநிலங்களில் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு அதிகம். வைட்டமின் டி தான் காரணமோ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே? 2015-ல் வெளியான ஒரு சோதனையில், பெருங்குடல் கட்டி எடுக்கப்பட்ட 2,259 பேரில் வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கும் கட்டி திரும்ப வருவது குறையவில்லை. 2018-ல் வெளியான வைட்டல் என்ற பெரிய சோதனையில் 25,871 பேர். தினம் 2000 யூனிட் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் வருவது குறைந்ததாகத் தெரியவில்லை.

கிரோன்ஸ் நோயில் நிலைமை கொஞ்சம் வேறு. வைட்டமின் டி-யை அடையாளம் காணும் ஏற்பி இல்லாத எலிகளுக்குக் குடல் புண் மோசமாக வருகிறது, குடல் சுவரின் செல்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்கிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் நடந்து 2010-ல் வெளியான ஒரு சிறிய சோதனையில், தினம் 1200 யூனிட் சாப்பிட்ட 46 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பியது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 48 பேரில் 14 பேருக்குத் திரும்பியது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் புள்ளியியல் கணக்கில் அது தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லையை மயிரிழையில் தாண்டவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடல் நோயாளிகளுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. அதனாலேயே குறைவுதான் நோயைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. நோயால் உறிஞ்சல் குறைந்திருக்கலாம். உடம்பு முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கலாம். கடையில் வியாபாரம் படுத்ததற்கும் கல்லாவில் பணம் இல்லாததற்கும் சம்பந்தம் உண்டு. எது முதலில் நடந்தது என்பதைக் கல்லாவைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

நூறு நாள் கணக்கு

மருந்துக்கடையில் கிடைக்கிற பாக்கெட்டில் 60,000 யூனிட் இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 600 யூனிட். 60,000-ஐ 600-ஆல் வகுத்தால் 100. அதாவது ஒரு பாக்கெட், நூறு நாள் சாப்பாடு. குறைவு உள்ளவருக்கு டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும் சாப்பிட்டால் அது மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், உடம்புக்குத் தெம்பு என்று மாதக்கணக்கில், சிலர் தினமும்கூட, சாப்பிட்டால் கதை மாறும். கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால் மிஞ்சியதை உடம்பு சிறுநீரில் தள்ளிவிடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது முதலில் முறையிடுவது பெரும்பாலும் வயிறுதான்: பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுவலி. பிறகு தாகம், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். வாந்திக்கு வேறு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே பாக்கெட்டையும் தொடர்கிறவர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள்.

பரிசோதனைக்கும் இது பொருந்தும். 2024-ல் வெளியான என்டோக்ரைன் சொசைட்டியின் வழிகாட்டுதல், ஆரோக்கியமாக உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி அளவைப் பரிசோதிக்க வேண்டியதில்லை என்கிறது. தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை என்று வருகிற விளம்பரங்களில் இந்தப் பரிசோதனை தவறாமல் இருக்கும். ஆனால் நிஜமாகவே தேவைப்படுகிறவர், எண்ணெய் மலத்தோடு இடுப்புவலியும் உள்ள அந்தக் கணக்கர் மாதிரியானவர், பல நேரம் அதற்குக் காசில்லாமல் தள்ளிப்போடுகிறார்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமெல்லாம் இல்லை. வெயில் ஏறின பிறகு கை கால் கொஞ்ச நேரம் வெளியே தெரியட்டும், தோல் கன்றும்வரை நிற்க வேண்டாம். மத்தி மீனோ முட்டையோ சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். சைவக்காரர்கள் பால் வாங்கும்போது உறையில் வைட்டமின் டி சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பார்க்கலாம். கேழ்வரகை முளைகட்டியோ புளிக்கவைத்தோ சாப்பிடலாம். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தால் வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் நன்றாகச் சேரும். எத்தனை வாரம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, முடிந்ததும் நிறுத்த வேண்டும்.

அப்புறம், மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்றால் டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை போகிறது, எப்படிப் போகிறது, எடை குறைந்ததா, எல்லாவற்றையும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைவிட, இரண்டு நிமிஷம் கூச்சப்படுவது எவ்வளவோ மேல்.